குடோனில் பதினோரு வெளிச்சம்

காலை ஏழேகால் மணிக்கு என் மாமனாரின் நாலாயிரம் கோழிகளும் ஒரே குரலில் என்னைத் திட்டின.

தப்பு என்னுடையதுதான். பத்து வருஷமாகக் கேமராவோடு அலமாரியில் தூங்கிய என் பிளாஷ் லைட்டுக்குப் புது பேட்டரி போட்டிருந்தேன். வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க நீளமான இடம் ஒன்று தேவைப்பட்டது. கோழிக் கொட்டகை நல்ல நீளம். வாசலில் நின்று பொத்தானை அழுத்தினேன்.

கடைசிக் கூண்டு வரை எட்டியது.

ஒரு விநாடி நிசப்தம். அப்புறம் நாலாயிரம் ஜோடி இறக்கைகள் கம்பியில் மோதின. சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். இரண்டு கூட்ஸ் வண்டிகள் ஒன்றாகக் கடக்கும்போதுகூட அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

மாமா மருதாசலம் பல் விளக்கியபடியே ஓடிவந்தார். வாயில் நுரை இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. துப்பிவிட்டு வந்து, உடைந்த முட்டைகளை ஒரு நோட்டம் விட்டார். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கடிந்து பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்.

"பொழுது விடிஞ்சது அதுகளுக்கே தெரியுமுங்க மாப்பள," என்றார் கடைசியில். "நீங்க வேற லைட்டு அடிச்சுச் சொல்லோணுங்களா?"

உடைந்த முட்டைகள் இரண்டு அண்டாவில் சமையலறைக்கு வந்தன. காலைக்கு ஆம்லெட். மத்தியானத்துக்கு முட்டைப் பொரியல் என்று அறிவிப்பும் வந்தது. என் தவற்றை அன்றைக்கு வீடே மூன்று வேளையும் சாப்பிட வேண்டியிருந்தது.

நடுவழியில் பஸ் ஏறியவர்களுக்காக ஒரு வார்த்தை. என் மனைவி சண்முகப்பிரியா, அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ராசிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு ஆடி மாதம் வந்தாள். மூன்றே நாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அம்மாவுக்குக் கண் தெளிந்து, இப்போது ஊசியில் நூல் கோக்கிறார். மாதம் ஐப்பசி. சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் மட்டும் இருக்கிறேன். ஒரே மகள் ஓசூரில் வேலையில் இருக்கிறாள். ராத்திரி போன் செய்து என்ன சாப்பிட்டேன் என்று விசாரிப்பாள். நானும் விதவிதமாகப் பொய் சொல்வேன்.

என்னோடு பேசிக்கொண்டிருந்த வரை, எப்போது வருகிறாய் என்று பிரியாவைக் கேட்டால், "பாக்கலாம்" என்பாள். தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா என்றால், "எது தோதோ அது" என்பாள். ரயில்வேயில் தாமதமாக வரும் வண்டிக்குக்கூட ஒரு நேரம் போட்டு வைப்போம்.

இங்கே அவளுக்கு ஒரு யோசனை பிறந்திருந்தது. மாமா இரண்டு வருஷம் முன்பு மூடிய சேகோ ஃபேக்டரியின், அதாவது ஜவ்வரிசி ஆலையின், குடோன் சும்மா கிடக்கிறது. அதைக் கல்யாண மண்டபமாக மாற்றி, தானே நடத்த வேண்டும் என்கிறாள்.

இதைப் பற்றித்தான் புதுச்சத்திரத்தில் ஒரு காதுகுத்து விருந்தில் நான் வாய் திறந்தேன். "எங்க வீட்ல ஃப்யூஸ் போனா பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆளைக் கூப்பிடற ஆளு இவ. ஆயிரம் பேர் உட்கார்ற மண்டபம் நடத்தப் போறாளாம். மாப்பிள்ளை தாலி கட்டறப்ப லைட்டு போச்சுன்னா, மந்திரத்தை நிறுத்தி வெச்சு, சேலத்திலிருந்து அந்த ஆளு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்!"

பந்தி முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

அதோடு இருபத்து நான்கு நாள் ஆகிறது. அவள் என்னிடம் நேராகப் பேசவில்லை.

"அம்மா, அவருக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு."

காலைச் சாப்பாட்டில் எனக்கும் அவளுக்கும் நடுவே மூன்றடி தூரம்.

"மாப்பள, தோசை வேணுங்களா?" என்றார் அத்தை கண்ணாத்தாள்.

"போதும்னு சொல்லுங்க அத்தை."

"போதுமாமா கண்ணு."

அத்தை இன்னும் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டிருக்கிறார். இரண்டு நாட்டு மந்திரிகளுக்கு நடுவில் உட்கார்ந்த மொழிபெயர்ப்பாளர் மாதிரி கம்பீரமாக இருந்தார்.

மாமா விஷயத்துக்கு வந்தார்.

"கோயமுத்தூரு இஞ்சினியரு மண்டபத்துக்கு ஆகும்னு சொல்லிட்டா குடோன் நம்ம பிரியா அம்மிணிக்கு. ஆகாதுன்னா, கேட்டுட்டு இருக்கற முட்டைக் கம்பெனிக்காரங்களுக்குக் குடுத்தர்றேன். நாளைக்குக் காத்தால அவங்களுக்கு நான் பதில் சொல்லோணுங்க."

இஞ்சினியர் முதலிலேயே நேரில் வந்து பார்க்க மாட்டாராம். குடோன் குடோனாகப் போய் அலுத்துவிட்டாராம். உள்ளே முழுவதும் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் கேட்டார். மேலே இரும்புச் சட்டங்கள், இரண்டு பக்கச் சுவர், தரை எல்லாம் அதில் தெரிய வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆகுமா ஆகாதா என்று சொல்வாராம்; ஆகும் என்றால் கிளம்பி வருவாராம்.

கரண்டு இணைப்பை எப்போதோ துண்டித்தாயிற்று. பிரியா போனில் எடுத்த படங்களில், வாசல் வெள்ளையாக எரிந்தது, மற்றதெல்லாம் அமாவாசை. டிராக்டரை உள்ளே விட்டு லைட்டைப் போட்டு எடுத்ததில் ஒரே ஒரு தூண் மட்டும் கல்யாணப் பெண் போல ஜொலித்தது.

அப்போதுதான் அத்தை சேலத்துக்கு எனக்குப் போன் செய்திருந்தார். "மாப்பள, உங்ககிட்ட அந்தக் காலத்து பிளாஷ் லைட்டு ஒண்ணு கெடந்துச்சுங்களாம். அத எடுத்துட்டு வரச் சொல்றா."

'வரச் சொல்றா' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். எதற்கு வரச் சொல்கிறாள் என்பது ராசிபுரம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. படம் நன்றாக வந்தால் பிரியா இங்கேயே இருந்துவிடுவாள். படம் கெட்டால் அவளுக்கு இங்கே வேலை இல்லை. சேலம் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் எனக்கு எதிராக வேலை செய்ய என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

பத்து மணிக்குக் குடோனுக்குப் போனோம்.

நூற்றிருபதடி நீளம், ஐம்பதடி அகலம். ஜன்னல் ஒன்றுகூட இல்லை. தலைக்கு மேல் சிமென்ட் ஷீட்டில் அங்கங்கே பொத்தல். அதில் ஊசி ஊசியாக வெயில் இறங்கியது. கிழங்கு மாவின் புளித்த வாசனை சுவரில் ஊறிப்போயிருந்தது. வாசலில் மட்டும் பெரிய இரும்பு ஷட்டர்.

இப்படிப்பட்ட இடத்தை ஒரே பளிச்சில் பிடிக்க முடியாது. பிளாஷ் எவ்வளவு பெரியதானாலும் முன்னால் இருக்கிற தூணை வெளுத்துவிட்டு, பின்னால் இருப்பதை விட்டுவிடும். அதற்கு வேறொரு வழி உண்டு. கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, அதன் கண்ணைத் திறந்தே வைத்துவிட வேண்டும். ஓர் ஆள் பிளாஷைக் கையில் தூக்கிக்கொண்டு இருட்டில் நடந்து, ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஒளிந்து நின்று, சுவருக்கு ஒன்று கூரைக்கு ஒன்று என்று அடித்துக்கொண்டே போக வேண்டும். அத்தனை வெளிச்சமும் ஒரே படத்தில் சேர்ந்துவிடும். நடக்கிற ஆள் மட்டும் படத்தில் விழ மாட்டான்.

ஒரு சிக்கல். பழைய பிளாஷ், ஒரு தடவை அடித்தால் மறுபடி சக்தி ஏற இருபது விநாடி எடுத்துக்கொள்ளும். அந்த இருபது விநாடியும் ஷட்டர் இடுக்கிலிருந்தும் கூரைப் பொத்தலிலிருந்தும் வெயில் படத்துக்குள் கசியும். ஆகவே இன்னோர் ஆள் கேமரா அருகில் நின்று, லென்ஸை ஒரு கறுப்பு அட்டையால் மூட வேண்டும். எடு என்றால் எடுக்க வேண்டும். மூடு என்றால் மூட வேண்டும்.

"அட்டையப் புடிச்சுக்க முடியுமான்னு கேளுங்க அத்தை."

"புடிச்சுக்கறேன்னு சொல்லும்மா." அத்தையின் கண் ஆஸ்பத்திரி ஃபைல் கருநீலத்தில் கெட்டியாக இருந்தது. அதையே கையில் எடுத்துக்கொண்டாள்.

நான் இருட்டோடு இருட்டாக வேண்டும் என்பதால், மாமா சபரிமலைக்குக் கட்டிய கறுப்பு வேட்டியையும் கறுப்புச் சட்டையையும் மாட்டிக்கொண்டேன். அத்தை பதறினார்.

"கறுப்பு கட்டிக்கிட்டா முட்டை திங்கப்படாதுங்க மாப்பள!"

இரண்டு ஆம்லெட் ஏற்கனவே உள்ளே போயிருந்தது. சாமி மன்னிக்கட்டும் என்று அத்தை என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். பூசியதை நான் இருட்டில் துடைத்துக்கொண்டேன். வெள்ளை படத்தில் தெரியும்.

"அத்தை, நீங்க வெளியே உட்காருங்க. ஷட்டர் திறந்திருக்கறப்ப யாரும் உள்ளே வரக் கூடாது."

"ஆரும் வர மாட்டாங்க. நானாச்சு."

வாசலை இழுத்து மூடி, கேமராவைத் திறந்து, முதல் தூண், இரண்டாவது தூண், மூன்றாவது தூண் என்று அடித்துவிட்டேன். நாலாவதற்கு பிளாஷ் 'ங்ஙீ' என்று சக்தி ஏறிக்கொண்டிருந்தபோது, கடகடவென்று இரும்பு ஷட்டர் மேலே போனது. வெயில் வெள்ளம் போல உள்ளே வந்தது. அதன் நடுவில் கறுப்புக் கண்ணாடியும் கையில் சொம்புமாக அத்தை.

"அத்தை! ஷட்டர் திறந்திருக்கறப்ப வரக் கூடாதுன்னு சொன்னேனே!"

"அதத்தானுங்க பாத்தேன். மூடித்தான கெடந்துச்சு. சரி, வரலாம்னு வந்தேன். மோரு குடிங்க."

நான் சொன்னது கேமராவின் கண்ணை மூடித் திறக்கிற ஷட்டரை என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் பிரியாவின் குரல் வந்தது. அட்டையை லென்ஸில் அழுத்திப் பிடித்தபடி நின்றாள்.

"அம்மா, அவரு இதைச் சொல்லிக் குடுத்துத்தான் உன்னைய உட்கார வெச்சாரான்னு கேளு."

ஆக, பஸ்ஸில் நான் யோசித்ததை அவளும் யோசித்திருக்கிறாள்.

அத்தை சொம்பைத் தரையில் வைத்தார்.

"நீயே கேட்டுக்க. காத்தாலருந்து ரண்டு பேருக்கும் நடுவுல தோசையும் மோருமா தூக்கிட்டு அலையறேன். வாய் அவருக்கும் இருக்குது, உனக்கும் இருக்குது. எனக்கு அங்க முட்டை கெடக்குது ரண்டு அண்டா."

வெளியே போய் ஷட்டரை இழுத்து மூடினார். மொழிபெயர்ப்பாளர் ராஜினாமா செய்துவிட்டார்.

இருட்டில் தடவிக்கொண்டே வந்து, கேமராவின் கண்ணை ஒரு தடவை மூடி, மறுபடி திறந்து வைத்தேன்.

"முதல்லேர்ந்து எடுக்கணும். பதினோரு தடவை அடிப்பேன்."

அட்டை லென்ஸில் தட்டுகிற சத்தம் கேட்டது. தயார் என்று அர்த்தம்.

"எடு." பளிச். "மூடு."

"மூடியாச்சு."

காற்றிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குடோனில் காற்றையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர்தான். இருபத்து நான்கு நாளில் முதல் வார்த்தை. ஐந்து தூண் வரை அது ஒன்றையே மாற்றாமல் சொல்லிவந்தாள். எனக்கு அதுவே போதும் போல இருந்தது.

ஆறாவதற்கு வெகுதூரம் உள்ளே போய்விட்டேன். அவளுக்கும் எனக்கும் நடுவே எண்பதடி இருக்கும். பளிச் அடித்துவிட்டு உரக்கக் கத்தினேன்.

"மூடு!"

காலிக் குடோன் அதை வாங்கி நாலு சுவரிலும் அடித்தது. ஊடு... ஊடு... ஊடு...

"ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள்.

"என்னத்த?"

"ஊடு ஊடுன்னு. இங்க வந்துமா? வேல நடக்கறப்பக்கூட உட மாட்டீங்களா?"

இதை விளக்கியாக வேண்டும். நான் ரயில்வே காலனியில் வளர்ந்தவன், வீடு என்பேன். அவள் இந்தப் பக்கத்துக்காரி, ஊடு என்பாள். கல்யாணம் ஆன புதிதில் என் சிநேகிதர்கள் முன்னால் "ஊட்டுக்காரி, ஊட்டுக்குப் போலாங்களா?" என்று அவளை மாதிரியே பேசிக் காட்டுவேன். ஒரே மாதத்தில் சூரமங்கலத்தில் வீடு என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். இங்கே வந்தால் மட்டும் அவளுக்கு அது ஊடு. நான் ஊடு என்று கத்தினால் அது கிண்டலாக மட்டுமே இருக்க முடியும்.

"நான் மூடுன்னு சொன்னேன்! அட்டையை! மொதல்ல மூடு, படம் போயிடும்!"

"மூடிட்டுத்தானுங்க பேசறேன். நீங்க அடிச்ச உடனே மூடிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீங்க கத்தறதுக்கு முன்னாலயே மூடியாச்சு."

பிளாஷ் 'ங்ஙீ' என்று முனகியது. அதன் முதுகில் சிவப்புப் பொட்டு எரிந்தால் சக்தி ஏறிவிட்டது என்று அர்த்தம். எரிந்தது.

"எடு." ஏழு.

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?" மூடியாச்சு என்பதற்குப் பதிலாக அவள் இதைக் கேட்டாள்.

"காதுகுத்துலயா? அது வந்து, சாம்பார்ல உப்பு இல்ல, பந்தி டல்லா இருந்துச்சு, சரின்னு..."

"சிரிப்புக் காட்டாதீங்க."

சிவப்புப் பொட்டு எரிந்தது. "எடு." எட்டு.

எதிர்ச் சுவரும் கூரையும்தான் பாக்கி. அங்கே நிற்கும்போது ஒன்று தோன்றியது. பிளாஷை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேமராவைப் பார்த்துத் திருப்பி அடித்தால் போதும். நடுவில் பெரிய வெள்ளை ஓட்டை விழும். இந்தப் பழைய பிளாஷ் பேட்டரியைக் குடிக்கிற வேகத்துக்கு, இன்னொரு முறை எடுக்கப் புது பேட்டரியிலும் உயிர் இருக்காது. பழைய சாமான், என்ன செய்ய என்று உதட்டைப் பிதுக்கலாம். நாளைக் காலை முட்டைக் கம்பெனி. மத்தியானம் சேலம் பஸ்.

பிளாஷ் கையில் கனத்தது. சுவரைப் பார்த்தே நின்றேன்.

"எனக்குப் பயமா இருந்துச்சு," என்றேன்.

"என்னங்க? கேக்கல."

"பயமா இருந்துச்சு! நீ நடத்திருவேன்னு தெரியும். அதான் அப்படிச் சொன்னேன்."

அந்தப் பாழும் எதிரொலி இதையும் நாலு தடவை சொல்லிக் காட்டியது. முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். சிவப்புப் பொட்டு எரிந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

"பொட்டு எரியலீங்களா?" என்றாள்.

"எரியுது. எடு." ஒன்பது.

அவள் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. "இத அன்னிக்கே பந்தியில சொல்லியிருக்கலாமுங்க. ஆரும் சிரிச்சிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

"அதான் சொல்லல."

ஏதோ சத்தம் கேட்டது. சிரிப்பா, தும்மலா என்று நூறடிக்கு மேல் பிரித்துச் சொல்ல முடியாது.

"எடு." பத்து.

"இருபத்தாறு வருஷத்துல நான் கேட்ட கேள்விக்கு இன்னிக்குத்தான் ஒழுங்கா ஒரு பதில் சொல்லியிருக்கீங்க," என்றாள். "இப்ப நீங்க கேளுங்க. ஒண்ணே ஒண்ணு. சிரிப்பு இல்லாம."

எவ்வளவோ தடவை கேட்டிருக்கிறேன். எப்போது என்றுதான் கேட்டிருக்கிறேன், அதையும் ஏதாவது ஓர் உறை போட்டுத்தான். கேஸ் சிலிண்டர் எப்போது புக் செய்ய, பால்காரர் விசாரிக்கிறார், துளசி வாடுகிறது. உறையில்லாமல் கேட்பது இதுதான் முதல் தடவை.

"நீ சூரமங்கலம் வருவியா, மாட்டியா?"

சிவப்புப் பொட்டு எரிந்தது.

"மொதல்ல படத்த முடிங்க," என்றாள். "எடுக்கறேன்."

பதினொன்று. கூரையைப் பார்த்து அடித்தேன். இரும்புச் சட்டங்கள் ஒரு கணம் பெரிய விலா எலும்புகள் போலத் தெரிந்து அணைந்தன.

தட்டுத் தடுமாறி முன்னால் வந்து, கேமராவின் கண்ணை மூடினேன். பின்பக்கத் திரையில் படம் வந்தது.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நூற்றிருபதடியும் இருந்தது. முதல் தூணுக்கும் கடைசித் தூணுக்கும் ஒரே வெளிச்சம். சட்டத்துக்குச் சட்டம் மரை முடுக்கியது வரை தெரிந்தது. கிழங்கு மூட்டை உரசிய தடம் சுவரில் இடுப்பளவுக்குக் கோடு போட்டிருந்தது. தரையில் ஈரம் இல்லை. அது குடோனாகவே இல்லை. யாரோ நாற்காலி போடுவதற்காகப் பெருக்கி வைத்த இடம் மாதிரி இருந்தது. உள்ளே ஆள் யாரும் இல்லை. என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் இதுதான் நல்ல படம் என்பது உடனே தெரிந்துவிட்டது. அதில் எனக்கு உண்டான வயிற்றெரிச்சலும் உடனே தெரிந்துவிட்டது.

"இஞ்சினியரு வந்துருவாரு," என்றாள் மெதுவாக.

"வருவார்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். அந்தச் சின்னத் திரை வெளிச்சத்தில் முகம் பாதிதான் தெரிந்தது. ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"கோவம் போயிருச்சுங்க," என்றாள். "ஒம்பதாவது தடவை அடிச்சீங்களே, அப்பவே போயிருச்சு. இனிமே உங்ககிட்ட நேராவே பேசறேன். ஆனா, சூரமங்கலத்துக்கு நான் வர மாட்டேனுங்க."